பத்தாயிரம் டன்னுக்குள் ஒரு போர்க்கப்பல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)





இவ்வாண்டு கப்பலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றவுடன், "கடலே இல்லாத புனேயில் கப்பலுக்கு என்ன வேலை?" என்று அன்பர்கள் சிலர் நகைத்தனர். அவர்களுக்கு ஒன்று சொல்வோம். மும்பை செல்லும் வண்டியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் லோனாவளா வருகிறது. அங்கே மலைமேல் இருக்கும் ஐ.என்.எஸ். சிவாஜி என்னும் பயிற்சி நிலையத்தில்தான் 1945 முதல் நமது கடற்படையினர் கப்பல் எஞ்சின் தொழிலைக் கற்று வருகின்றனர். மறுபுறம் கடக்வாஸ்லாவில், தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் மாணவர்கள் ஏரியில் படகு செலுத்திப் பழகிப் பின்னர் கடலுக்குப் போகின்றனர். ஆகவே கடல் இல்லாவிடினும் கப்பல் நமக்கு அயலன்று.

மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதி வருகிறவர் நாம். கப்பற்கலை பயின்றவர் அல்லேம். எனினும் கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் ஆகிய நான்கும் தெரிந்த எவரும் இன்று பேசப்போகும் பொருளைத் தொடர்ந்து வரலாம். வேண்டுவது பொறுமை ஒன்றே.

தமிழில் 'எம்டன்' என்றொரு சொல் உண்டு. சாமர்த்தியமும் துணிச்சலும் மிக்கவனைப் பார்த்து, "அவன் பெரிய எம்டன் அப்பா!" என்கிறோம். இச்சொல் ஒரு கப்பலின் பெயர். 1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் முன் வந்து நின்று, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டு மறைந்தது. அதன் நினைவுக் கல் உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் இன்றும் இருக்கிறது. அவ்வளவு அச்சத்தை விளைத்த அக்கப்பலின் எடை ஏறத்தாழ 3,600 டன். அதன் பீரங்கியின் வாய் 4 அங்குலத்தைச் சிறிதே கடந்தது. இவ்வகைக் கப்பலுக்குக் குரூசர் என்று பெயர். நெடுந்தூரம் தனியே ஓடி வணிகக் கப்பல்களைக் காப்பதும், எதிரியின் வணிகக் கப்பல்களை அழிப்பதும் இதன் தொழில்.

ஒரு சிறு குரூசர் இவ்வளவு செய்யுமானால், பெருங்குரூசர் எவ்வளவு செய்யாது? முதல் உலகப்போர் முடிந்தபின் வல்லரசுகள் இவ்வாறு எண்ணின. போட்டி போட்டுக்கொண்டு கப்பல் கட்டினால் கருவூலம் தாங்காது என்பதையும் அவை உணர்ந்தன. ஆதலின் பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ், இத்தாலி ஆகிய ஐந்து நாடுகளும் 1922 பிப்ரவரி 6ஆம் நாள் வாஷிங்டனில் ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. குரூசர் ஒன்று 10,000 டன்னுக்கு மேற்படலாகாது. அதன் பீரங்கி 8 அங்குலத்துக்கு மேற்படலாகாது. இவையே வரம்பு.

வரம்பு எழுதியவர்கள் அதனை உச்சம் என்று எண்ணியே எழுதினர். நடந்தது வேறு. எந்த நாடும் அதற்குக் குறைந்து கட்ட விரும்பவில்லை. எதிரி 10,000 டன்னில் கட்டுவான் என்றால் நாம் மட்டும் 7,000 டன்னில் கட்டுவானேன்? இவ்வாறு உச்சவரம்பே எங்கும் வழக்கமான அளவாகிவிட்டது. 8 அங்குலப் பீரங்கியுடைய இவ்வகைக் கப்பல்களுக்கே பின்னர் கனரகக் குரூசர் என்று பெயர் வழங்கிற்று.

இனி 10,000 டன் என்பது எதன் எடை? நமது சரக்கு வேகன்களின் பக்கத்தில் வெற்றெடையும் சுமையெடையும் தனித்தனியே எழுதியிருப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். உடன்படிக்கையிலும் அப்படி ஒரு பிரிவு இருந்தது. கப்பலின் உடல், எஞ்சின், கவசம், பீரங்கி, குண்டு, மாலுமிகள், அவர்களின் உணவு, குடிநீர் யாவும் அவ்வெடையில் அடங்கும். எரியெண்ணெயும், கொதிகலன்களுக்கென்று சேமித்து வைக்கும் நீரும் அடங்கா. இதற்கு நிலையெடை என்று பெயர் வைத்துக்கொள்வோம். டன் என்பதும் பிரிட்டிஷ் டன். 2,240 பவுண்டு கொண்டது.

இவ்வரம்புக்குள் நாமே ஒரு குரூசரை வரைந்து பார்த்தால் என்ன என்பதே இந்த உரையின் பொருள். உலகெங்கும் கப்பலில் ஆர்வமுடையோர் பலர் இதனைப் பொழுதுபோக்காகவே செய்து வருகின்றனர். அதற்கென்று ஸ்பிரிங்ஷார்ப் என்றொரு கணிப்பொறி மென்பொருள் உண்டு, விலையின்றிக் கிடைக்கிறது. நீளம், அகலம், நீருள் ஆழம், பீரங்கிகளின் எண்ணிக்கை, கவசத்தின் கனம், வேண்டிய வேகம், கட்டத் தொடங்கும் ஆண்டு முதலியவற்றைப் படிவத்தில் நிரப்பினால், கப்பல் மிதக்குமா, கவிழுமா, அதன் உடல் உறுதி போதுமா, எத்தனை மாலுமிகள் வேண்டும், எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் அது விடை தருகிறது. உறுதி போதவில்லையெனில் அக்கப்பலைக் கட்ட இயலாது என்று பொருள். அலுவலகத்தில் படிவம் நிரப்பியே பழகிய நமக்கு இது இனிய வேலையாய் அமைந்தது.

முதலில் மாதிரியாக ஓர் உண்மைக் கப்பலை எடுத்துக்கொண்டோம். பிரிட்டன் 1924ஆம் ஆண்டிலிருந்து கட்டிய கென்ட் வகைக் குரூசர் 630 அடி நீளமும் 68 அடி அகலமும் உடையது. 80,000 குதிரைத் திறனில் மணிக்கு 31½ நாட் ஓடுவது. 8 அங்குலப் பீரங்கிகள் எட்டினைத் தாங்குவது. இவ்வளவும் 10,000 டன்னுக்குள்! எதைக் குறைத்து இதைச் சாதித்தனர்? கவசத்தைக் குறைத்தனர். வெடிமருந்து அறைகளைச் சுற்றி மட்டும் கனத்த தகடு வைத்தனர். எஞ்சின் அறையின் பக்கச் சுவருக்கு ஓர் அங்குலமும், மேலுள்ள தளத்துக்கு ஒன்றேகால் அங்குலமுமே கிடைத்தன.

இதனை மாற்றி, பக்கத்துக்கு 4 அங்குலமும் தளத்துக்கு 2 அங்குலமும் கொடுக்க வேண்டும் என்று நாம் விரும்பினோம். செலவு என்ன? ஒரு சதுர அடி பரப்பும் ஓர் அங்குலக் கனமும் உள்ள எஃகுத் தகடு ஏறத்தாழ 40 பவுண்டு எடையுள்ளது. காக்க வேண்டிய பகுதி 400 அடி நீளம் என்று கொள்வோம். பக்கக் கவசத்தின் உயரம் 12 அடி, பக்கங்கள் இரண்டு. பரப்பு 9,600 சதுர அடி. 4 அங்குலத்துக்குக் கணக்கிட்டால் 686 டன் வருகிறது. தளமோ 400 அடி நீளமும் 60 அடி அகலமும் உடையது. பரப்பு 24,000 சதுர அடி. வெறும் 2 அங்குலத்துக்கே 857 டன் ஆகிறது!

அன்பர்களே, இவ்விரண்டு எண்களையும் சற்று அருகருகே வைத்துப் பாருங்கள். பக்கத்திலிருந்து வரும் குண்டைத் தடுக்கும் 4 அங்குலச் சுவரைவிட, மேலிருந்து விழும் குண்டைத் தடுக்கும் 2 அங்குலக் கூரை கனமானது. வீடு கட்டுகிறவர்க்கும் சுவரைவிடக் கூரையே கவலை தருவது. கப்பலிலும் அஃதே.

ஏற்கெனவே இருந்ததைக் கழித்தால், பக்கத்துக்குக் கூடுதலாக 514 டன்னும் தளத்துக்குக் கூடுதலாக 321 டன்னும், ஆக 835 டன் தேடியாக வேண்டும். எங்கிருந்து தேடுவது?

வேகத்தில் கை வைக்கலாம். கப்பலின் வேகம் கூடக் கூட, அதற்கு வேண்டிய திறன் ஏறத்தாழ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாய் ஏறுகிறது. அதாவது 28 நாட்டிலிருந்து 32 நாட்டுக்கு உயர்த்த, எஞ்சின் திறனைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காக்க வேண்டும். நமது கணக்கில் அந்த 4 நாட் என்பது மணிக்கு ஏழரைக் கிலோமீட்டர். சைக்கிள்காரன் மெதுவாக மிதிக்கும் வேகத்துக்கும் குறைவு. கர்ஜத்திலிருந்து லோனாவளாவுக்கு ஏறும் மலைப்பாதையில், 37 அடிக்கு ஓர் அடி உயரும் அச்சரிவுக்காக வண்டியின் பின்னால் கூடுதல் எஞ்சின்களைக் கட்டித் தள்ளுகிறோம் அல்லவா? அங்கே மேலே வந்ததும் அவற்றைக் கழற்றிவிடலாம். கடைசி 4 நாட்டுக்காக வைத்த எஞ்சினைக் கடலில் கழற்றிவிட முடியாது; ஆண்டு முழுவதும் சுமந்தே திரிய வேண்டும். ஆதலின் 29 நாட் போதும் என்று முடிவு செய்தோம். 80,000 குதிரைத் திறன் 62,000 அளவுக்கு இறங்கிற்று. அக்காலத்து எஞ்சின்களில் 45 குதிரைத் திறனுக்கு ஒரு டன் என்று கொண்டால், ஏறத்தாழ 390 டன் மீதம்.

அடுத்துப் பீரங்கி. இரட்டைப் பீரங்கிக் கூண்டு ஒன்று ஏறத்தாழ 200 டன். ஒரு பீரங்கிக்கு 150 குண்டுகள் வீதம் இரண்டுக்கு 300. குண்டு ஒன்று 256 பவுண்டு. ஆகக் குண்டு மட்டும் 34 டன். வெடிமருந்தும் சேர்ந்தால் ஒரு கூண்டை நீக்குவதால் ஏறத்தாழ 250 டன் கிடைக்கிறது. கிர்க்கி வெடிமருந்துத் தொழிற்சாலையோடு தொடர்புடைய அன்பர்கள் இவ்வகைக் கணக்கை நம்மைவிட நன்கு அறிவர். எட்டுப் பீரங்கியை ஆறாக்கினோம். பிரிட்டனே பின்னர் எக்ஸெட்டர் என்னும் கப்பலை ஆறு பீரங்கிகளுடன்தான் கட்டிற்று.

இன்னும் 200 டன் வேண்டும். உடலின் நீளத்தை 590 அடியாகக் குறைத்தோம். அகலம் 64 அடி, நீருள் ஆழம் 20 அடி. இம்மூன்றையும் பெருக்கினால் ஒரு பெட்டியின் கன அளவு கிடைக்கும். கப்பல் பெட்டி போன்றதன்று; முன்னும் பின்னும் கூர்த்தது. ஆகையால் அதில் 100க்கு 53 பங்கே எடுத்துக்கொண்டு, 35 கன அடி கடல்நீர் ஒரு டன் என்பதால் 35ஆல் வகுத்தால், 11,400 டன்னுக்குச் சற்று மேல் வருகிறது. எரியெண்ணெயும் சேமிப்பு நீரும் 1,400 டன் என்று கழித்தால் நிலையெடை 10,000 டன். கணக்கு நேராயிற்று!

ஆனால் எல்லாம் நேராகவில்லை. நீளம் குறைந்தால் அதே வேகத்துக்கு அலைத்தடை கூடும். உடல் சிறுத்தால் மாலுமிகள் உறங்கும் இடமும் உண்ணும் இடமும் சுருங்கும். மென்பொருளின் அறிக்கையில் இதற்கென்று ஒரு வரி உண்டு. வசிப்பதற்கும் வேலை செய்வதற்கும் உள்ள இடம் போதுமா, நெருக்கடியா என்று அது சொல்லிவிடும். கென்ட் வகைக் கப்பல்களின் உயர்ந்த பக்கங்களைக் கண்டு ஏளனம் செய்தவர்கள் உண்டு. வெப்பமண்டலக் கடல்களில் மாதக்கணக்கில் வாழ வேண்டிய ஏறத்தாழ 700 பேருக்குக் காற்றும் இடமும் கொடுத்தது அவ்வுயரமே. நாம் கவசத்துக்காக எடுத்தது அவர்களுடைய இடத்தையும் சேர்த்துத்தான். வரம்புக்குட்பட்ட கணக்கில் எவருக்கும் நட்டமின்றி எதையும் கூட்ட இயலாது என்பதை இந்த 10,000 டன் நமக்கு நன்றாக உணர்த்திற்று.

இவ்வுண்மையை ஏற்க விரும்பாத நாடுகளும் இருந்தன. இத்தாலியின் ஸாரா வகைக் குரூசர்கள் 11,000 டன்னுக்கு மேற்பட்டவை. ஜெர்மனி 1935இல் பிரிட்டனுடன் செய்த உடன்படிக்கையால் இதே வரம்பை ஏற்றுக்கொண்டது. எனினும் அது கட்டிய அட்மிரல் ஹிப்பர் வகை 14,000 டன்னை எட்டிற்று. காகிதத்தில் மட்டும் 10,000 டன்! சிறு கப்பல்களில் எடையை ஏமாற்றாமல் கடலை ஏமாற்ற முயன்ற கதையும் உண்டு. சிறிய உடலின்மேல் அளவுக்கு மீறிய படைக்கலங்களை ஏற்றி ஜப்பான் கட்டிய தொமோசுரு என்னும் டார்ப்பிடோப் படகு, முற்றுப்பெற்ற சில வாரங்களிலேயே, 1934 மார்ச் 12ஆம் நாள் புயலில் கவிழ்ந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் சூறாவளியில் அகப்பட்ட அந்நாட்டு நாசகாரிக் கப்பல்கள் இரண்டின் முன்பகுதி முறிந்தே போயிற்று. உடன்படிக்கையை ஏமாற்றலாம், அலையை ஏமாற்ற இயலாது.

அன்பர்களே, இதுவரை சொன்னது விளையாட்டுக் கணக்குப் போலத் தோன்றலாம். இனிச் சொல்லப் போவது விளையாட்டன்று.

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களின் பெரும்படை வங்கக் கடலையும் இலங்கையையும் நெருங்கியிருந்தது. அன்று காலை கொழும்பு தாக்கப்பட்டது. கொழும்பில் பழுதுபார்ப்பில் இருந்த டார்செட்ஷயர் என்னும் கனரகக் குரூசர், வேலை முடியாமலே முந்தின இரவு புறப்பட்டுக் கார்ன்வால் என்னும் குரூசருடன் தென்மேற்கே விரைந்தது. கார்ன்வால் நாம் மாதிரியாகக் கொண்ட கென்ட் வகையைச் சேர்ந்தது. டார்செட்ஷயர் அதன் நெருங்கிய உறவு. பிற்பகலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வெயிலின் திசையிலிருந்து செங்குத்தாய்ப் பாய்ந்து வந்தன. சில நிமிடங்களே! இரு கப்பல்களும் மூழ்கின. 424 பேர் மாண்டனர். எஞ்சிய 1,122 பேர் எண்ணெய் படர்ந்த கடலில், சிதறிய மரத்துண்டுகளையும் ஒருவரையொருவரையும் பற்றிக்கொண்டு, மறுநாள் மாலை வரை கிடந்தனர். எண்டர்பிரைஸ் என்னும் குரூசரும் இரண்டு நாசகாரிகளும் வந்து அவர்களை மீட்டன.

ஏப்ரல் 6ஆம் நாள் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. சென்னை நடுங்கிற்று. அம்மாதத்தில் மக்கள் திரள் திரளாக வண்டியேறி நகரை விட்டு வெளியேறினர். எம்டன் வந்த இரவின் அச்சம் 28 ஆண்டுகளுக்குப் பின் பன்மடங்காய்த் திரும்பிற்று.

நாம் வரைந்த கப்பல் அன்று அங்கே இருந்திருந்தால் பிழைத்திருக்குமா? இக்கேள்வியை எழுப்பாமல் விட மனம் ஒப்பவில்லை. கார்ன்வாலுக்கு 1936-37இல் எஞ்சின் அறையின் பக்கத்தில் 4½ அங்குலக் கவசம் ஏற்கெனவே பொருத்தியிருந்தனர். அது பக்கச் சுவர், வந்ததோ வானத்திலிருந்து. நமது 2 அங்குலக் கூரை சில குண்டுகளை எஞ்சின் அறைக்குள் புகாமல் தடுத்திருக்கக் கூடும். ஆனால் 250 கிலோ குண்டுகள் எட்டும் பத்துமாகச் சில நிமிடங்களில் விழும்போது, சுக்கானும் தகவல் கம்பிகளும் மேல்தளத்தில் நின்ற மனிதர்களும் என்ன ஆவர்? நமது கப்பலும் சில நிமிடங்கள் கழித்து மூழ்கியிருக்கும் என்பதே நேர்மையான விடை. அன்று வேண்டியிருந்தது தலைக்குமேல் நமது பக்கத்து விமானங்கள். அவை இல்லை.

மென்பொருளின் படிவத்தில், கப்பல் எத்தனை 8 அங்குலக் குண்டுகளைத் தாங்கும், எத்தனை டார்ப்பிடோக்களைத் தாங்கும் என்று விடை வருகிறது. பாய்ந்து வரும் விமானத்துக்கு அதில் ஒரு கட்டமும் இல்லை. 1922ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலும் குரூசரைப் பற்றிக் கேட்கப்பட்டவை இரண்டே: எடை எவ்வளவு? பீரங்கி எவ்வளவு? அவ்விரண்டு கேள்விகளுக்கும் அக்காலத்துக் கைதேர்ந்த வல்லுநர்கள் சிறந்த விடையே எழுதினர். கேட்கப்படாத மூன்றாவது கேள்விக்கு இருபதாண்டுகள் கழித்து 424 பேர் விடை எழுத நேர்ந்தது.

அதற்காக அக்கப்பல்களைப் பயனற்றவை என்று சொல்வது அறமாகாது. எந்த வேலைக்குக் கட்டப்பட்டனவோ அந்த வேலையை அவை செய்தன. இந்தியப் பெருங்கடலில் வணிகக் கப்பல்களை வேட்டையாடித் திரிந்த பிங்குவின் என்னும் ஜெர்மானியக் கப்பலை 1941 மே 8ஆம் நாள் அழித்தது கார்ன்வாலே. பெரும் போர்க்கப்பலான பிஸ்மார்க் மூழ்கும் முன் அதன்மேல் டார்ப்பிடோ எய்தது டார்செட்ஷயரே. நீண்ட தூரம் ஓடும் ஆற்றல், உயர்ந்த பக்கங்கள், எட்டுப் பீரங்கி ஆகிய இவற்றுக்காகக் கவசத்தைக் கொடுத்தவர்கள் காரணமின்றிக் கொடுக்கவில்லை. ஓர் ஏற்பாட்டைக் குறை கூறுமுன், அஃது எந்த வரம்புக்குள், எந்தக் கேள்விக்கு விடையாக அமைந்தது என்று பார்த்துவிட்டுப் பேசுவதே முறை. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும், நமது சங்கத்தின் வரவு செலவுக்கும் கூட இது பொருந்தும்.

சுதந்திர இந்தியா தன் முதல் குரூசரை 1948இல் பெற்றது. அக்கிலீஸ் என்ற பெயரில் 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கடலில் கிராஃப் ஸ்பீ என்னும் ஜெர்மானியக் கப்பலோடு பொருத அது, ஐ.என்.எஸ். டெல்லி என்ற பெயரில் நமக்கு வந்தது. 7,000 டன், 6 அங்குலப் பீரங்கி. பெரிய கனரகக் குரூசர் அன்று. எனினும் 1978 வரை முப்பதாண்டுகள் நமது கடற்படைக்கு உழைத்தது. பிறர் வரைந்த கப்பலை வாங்கி ஓட்டிய நாடு, இன்று விமானந்தாங்கிக் கப்பலையே தானே வரைந்து கொச்சியில் கட்டி, 2022இல் கடற்படையிடம் ஒப்படைத்திருக்கிறது. அதன் ஒவ்வொரு தகட்டுக்கும் யாரோ ஒருவர் இதே கூட்டல் கழித்தலைச் செய்திருப்பார்.

ஆகவே இங்கு அமர்ந்திருக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். கணிப்பொறியில் போர் விளையாட்டு விளையாடுவதைவிட, ஒரு கப்பலை வரைந்து பாருங்கள். கப்பலின் அடிமரத்துக்கு ஏரா என்றும் முன்பகுதிக்கு அணியம் என்றும் நமது கடற்கரை மக்கள் இன்றும் வழங்கும் தமிழ்ச் சொற்களை அப்படத்தில் எழுதுங்கள். எதைக் கூட்டினீர்கள் என்பதோடு, எதைக் குறைத்தீர்கள், அதனால் துன்புறப் போகிறவர் யார் என்பதையும் ஓரத்தில் எழுதி வையுங்கள். அவ்வோரக் குறிப்பு எழுதப் பழகியவர் நாளை எந்தத் தொழிலில் அமர்ந்தாலும் நன்றாகவே செய்வார்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!